தகப்பன் பெயருக்கு எதிரே ஹயாத் பீ

ஓசூரில் கியர் பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள் தஸ்லிம். மயிரிழைப் பிசகும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குருபரப்பள்ளி ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் பதிவேட்டைச் செல்போனில் படமெடுத்துக் கொடுக்கப் போனபோது, ஒரு வரியில் அந்தக் கண் நின்றுவிட்டது.

வருடம் 1898. மாப்பிள்ளை மஸ்தான், அவளைப் பெற்ற அத்தா மெஹபூப் பாஷாவுக்குக் கொள்ளுத்தாத்தா. தகப்பன் பெயருக்கு எதிரே ஹயாத் பீ என்று ஒரு பெண்ணின் பெயர்.

"எழுதனவரு தப்பா எழுதியிருப்பாரு, உடு" என்றார் அத்தா.

தஸ்லிம் விடவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மூன்று மாதம் அலைந்தாள். 1894இல் ஹயாத் பீ எழுதிவைத்த பத்திரத்தின் நகல் கிடைத்தது. எல்லாம் கன்னடம். கேன்டீனில் வைத்து, உடன் வேலை செய்யும் கர்நாடகத்து அத்திப்பள்ளிக் காவேரி எழுத்துக்கூட்டித் தமிழில் சொன்னாள்.

ஹயாத் பீ கணவனை இழந்தவள். 1877இல், தாது வருஷப் பஞ்சத்தில், கைக்குழந்தையோடு ரோட்டு வேலைக்கு வந்து கல் சுமந்தாள். ஒருநாள் சாலையோரம் இறந்து கிடந்த யாரோ ஒருத்தியின் மார்பில் ஒரு குழந்தை மட்டும் உயிரோடு இருந்தது. என்ன ஊர், என்ன சாதி, யாருக்கும் தெரியாது. எடுத்துக்கொண்டாள். பதினேழு வருடம் பாடுபட்டு இரண்டு ஏக்கர் மேட்டுநிலம் வாங்கினாள். ஷரீஅத்துப்படி எடுத்து வளர்த்தவனுக்கு வாரிசுப் பங்கு வராது என்பது தெரிந்தே, தான் உயிரோடு இருக்கும்போதே பெற்ற மகனுக்கும் அவனுக்கும் ஆளுக்கு ஓர் ஏக்கர் தானமாக எழுதிவிட்டாள்.

காவேரியின் குரல் இறங்கியது. "'ரெண்டு பேரும் என் பாலக் குடிச்சவங்க. இவன் வேற அவன் வேறன்னு யாரும் சொல்லக் கூடாது'ன்னு இருக்குது அக்கா."

"எடுத்து வளத்த புள்ள பேரு?"

"மஸ்தான்."

தஸ்லிம் நகலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கஞ்சிக்கே வழியில்லாத வருடத்தில், கல் சுமந்த அந்த உடம்பில் இரண்டு பிள்ளைகளுக்குப் பால் எங்கிருந்து ஊறியது? அத்தா, அண்ணன் ஷோயப், அவன் மகள் சானியா, தான், எல்லோரும் அவள் அன்று குனிந்ததால் பிறந்தவர்கள்.

மாலையில் வீட்டில் சொன்னாள். மெஹபூப் பாஷா நகலைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"அப்ப நாம யாரு ஊட்டுப் புள்ளைங்கன்னே தெரியாதா?"

"அவங்க ஊட்டுப் புள்ளைங்கதான் அத்தா. எழுதியே வச்சிருக்காங்களே."

அவர் எழுந்து போய் முகம், கை, கால் கழுவி ஒளு செய்துவந்து, ஹயாத் பீ பெயரில் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினார். கையேந்தி துஆ கேட்டார். சாலையோரத்தில் இறந்தவளுக்கு எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் கொஞ்சம் தயங்கினார். பிறகு, பெயரில்லாமலே அவளுக்கும் கேட்டார்.