நாடகக்காரங்க வீடு

நேற்று யாரோ பெரிய மனிதர் மதுரைக்குப் பக்கத்தில் பரவை வழியாகப் போகிறார் என்று ரோட்டின் இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாக்கடை அப்படியேதான் கிடக்கும், அதன் ஓரத்தில் வெள்ளைக் கோடு மட்டும் நேராக ஓடும். மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு அந்த நெடி மூக்கில் ஏறியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்னண்ணே, வெங்காயம் பக்கங்கூட நீங்க போகலையே" என்று கடைக்காரம்மா சிரித்தார். பவுடர் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். பாதி உண்மைதான்.

நாடகம் என்றால் மற்றவர்களுக்கு ஜிகினாவும் ரோஸ் பவுடரும் ஞாபகத்துக்கு வரும். எனக்கு வருவது சுகாதாரத் துறையின் வாசனை. கிராமம் கிராமமாகப் போய், அங்குள்ள பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு நாடகம் போடுகிற ஒரு சின்னக் குழுவில் நான் சில வருஷம் வேலை பார்த்தேன். எங்களுக்கு மேடை கிடையாது. தரையில் ஒரு வட்டம் போடுவோம். வட்டத்துக்குள்ளே நாடகம், வெளியே ஊர். கோலமாவு வாங்கக் கட்டுப்படியாகாது, ஆகவே போகிற ஊரின் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு சட்டி பிளீச்சிங் பவுடர் கேட்டு வாங்கிக்கொள்வோம். ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியில் அதை அள்ளி, குனிந்து பின்னோக்கி நடந்தே ஒரே சுற்றில் வட்டத்தை முடிப்பது குழுவில் என் கூட்டாளியான அழகரின் வேலை. அவன் போட்டால் தோசை வார்த்தது மாதிரி இருக்கும். நான் போட்டால் முட்டை மாதிரிதான் வரும். "மாப்ள, கோழி எங்க?" என்று பக்கத்தில் வந்து நின்று கேட்பான்.

குழுவை நடத்தியவர் ரீட்டா அக்கா. செல்லூரில் ஒரு தறிக்கூடத்துக்கு மேலே எங்கள் அறை. கீழே நாள் முழுக்கத் தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே வசனம் பேசிப் பழகியதால் இன்றைக்கும் என்னால் ரகசியம் பேச முடிவதில்லை. எங்கள் வீட்டில் நடக்கிற சண்டையெல்லாம் தெருவுக்கே பொதுச்சொத்து. அக்காவுக்குக் குரல் பெரிதில்லை. தறி நிற்கிற சாப்பாட்டு நேரத்துக்காகக் காத்திருந்து, சொல்ல வேண்டியதை அப்போது சொல்வார். நான் சேர்ந்த அன்று மதியம் அவர் சொன்னது இது.

"இங்க பேரு போதும். ஊரைக் கேட்டா அடுத்துத் தெருவைக் கேப்பீங்க. தெருவைக் கேட்டுட்டா எல்லாந் தெரிஞ்சு போச்சு. அப்புறம் எங்கிட்டுச் சேந்து நாடகம் போடுறது?"

அவ்வளவுதான் சட்டம். ஊர் கேட்கக் கூடாது, தெரு கேட்கக் கூடாது, அப்பா பெயர், குலசாமி எதையும் கேட்கக் கூடாது. நம் பக்கத்தில் ஒரு ஆளைப் பார்த்ததும் வாயில் முதலில் வருகிற கேள்விகள் இவைதானே? எனக்கு ஆரம்பத்தில் பேச்சே வரவில்லை. அறிமுகம் முடிந்ததும் என்ன பேசுவது என்று தெரியாமல் எல்லோரிடமும் "சாப்பிட்டீங்களா" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். போகப் போகப் பழகிவிட்டது. பழகியபின் அதில் ஒரு சுகம் இருந்தது. முதுகிலிருந்த மூட்டையை யாரோ வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி.

அழகருக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. "மாப்ளன்னு கூப்புடலாமாக்கா? அது ஒறவுமொறையில்ல?" என்று கேட்டான். அக்கா யோசித்துவிட்டு, "அதான் ஒறவாயிட்டீங்களே, கூப்புட்டுக்கங்க" என்றார். அன்றிலிருந்து நான் அவனுக்கு மாப்ள, அவன் எனக்கு மாப்ள. ஒரே பாயில் படுத்தோம். ஒரே தட்டில் சாப்பிட்டோம். அவனுக்குக் காய்ச்சலென்றால் எனக்குக் கசாயம் போடத் தெரியும். கத்தரிக்காய் அவனுக்கு ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். தூக்கத்தில் வசனம் பேசுவான், அதுவும் என் வசனத்தை. ஆனால் அவன் வீட்டில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் இருவரையும் அக்கா ஜோடியாகவே அனுப்புவார். அலங்காநல்லூர் தாண்டி ஒரு கிராமத்தில் சாயங்காலம்தோறும் பிள்ளைகளோடு நாடகம் பழகினோம். போய் இறங்கிய அன்று டீக்கடையில் ஒருவர் கண்ணாடி கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே, தராமல், "தம்பி யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டார். எந்த கிளாசில் தருவது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அழகர் சிரித்தபடி, "நாடகக்காரங்க வீட்டுப் புள்ளண்ணே. ரெண்டு டீ, ஒண்ணுல சீனி தூக்கலா" என்றான். மனுஷர் அந்தக் கண்ணாடி கிளாசிலேயே கொடுத்துவிட்டார்.

நாடகம் தெருக்குழாயைப் பற்றியது. யார் குடம் முதலில் என்கிற சண்டை. பிள்ளைகளே கட்டிய கதை. தேவி என்கிற பெண்ணுக்குக் குழாய் வேஷம். எந்தத் தெருக் குடம் வந்தாலும் அவள் சொல்ல வேண்டியது, "எம்புட்டு வேணும்? புடிச்சுக்க." சின்ன வசனம்தான், ஆனால் அவள் இடுப்பில் கை வைத்துச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் உருண்டு சிரிக்கும். ஒருநாள் ஒத்திகை நடுவில் அவள் அப்பா வந்து நின்றார். "ஏய், எந்திரிச்சு வா. யாரு யாரு கூட ஒக்காந்திருக்கன்னு தெரியுதா? இனி அந்த வட்டத்துக்குள்ள கால வச்சே, தோல உரிச்சுப்புருவேன்" என்று இழுத்துப் போனார்.

மறுநாள் தேவி வந்தாள். அப்பா சொல்லை மீறவில்லை. கோட்டுக்கு ஒரு அடி வெளியே நின்றுகொண்டு, தன் முறை வந்தபோது, "எம்புட்டு வேணும்? புடிச்சுக்க" என்றாள். உள்ளேயிருந்து நீட்டிய குடம் அவளுக்கு எட்டவில்லை. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அழகர் கொட்டாங்குச்சியை எடுத்துப் போய், அவளிருந்த இடத்தில் பழைய கோட்டைக் காலால் அழித்துவிட்டு, அவளுக்குப் பின்பக்கமாகப் புதுக்கோடு இழுத்துச் சேர்த்தான். அவன் வாழ்க்கையில் போட்ட ஒரே கோணல் வட்டம் அதுதான். ஆட்டுக்குட்டியை விழுங்கிய மலைப்பாம்பு மாதிரி ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு இருந்தது. அப்பா மறுபடி வந்துவிட்டார். அழகர் கையைத் தட்டிக்கொண்டே, "அவ உள்ள வரலண்ணே. வட்டந்தான் வெளிய வந்துருச்சு" என்றான். அவர் ஓரமாக நின்று கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் போனார்.

திருச்சிப் பக்கம் நிகழ்ச்சி முடித்துத் திரும்புகிற நாட்களில் அழகர் கொட்டாம்பட்டியில் வேனிலிருந்து இறங்கிக்கொள்வான். அவன் ஊர் என்று எங்களுக்குத் தெரிந்தது அந்த ஸ்டாப் மட்டும்தான். "வாரேன் மாப்ள" என்று இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வேன் கண்ணுக்கு மறைகிறவரை கையை ஆட்டிக்கொண்டே நிற்பான். பின் கண்ணாடி வழியாக நானும் ஆட்டுவேன். என்ன பாசம் என்று எனக்குப் பெருமையாக இருக்கும். வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அவன் எந்தப் பக்கம் திரும்பி நடக்கிறான் என்பது தெரிந்தால் எந்தத் தெரு என்பது தெரிந்துவிடும். சட்டத்தை அவன் அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறான். பாசமும்தான் என்று நான் இன்னும் நம்புகிறேன். நம்பாவிட்டால் கஷ்டமாக இருக்கும்.

உதவி செய்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திக்கொண்டதும் குழு கலைந்தது. அழகர் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போனான். நான் ஒரு தனியார் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு சினிமாப் பாட்டுக்கு டான்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். சிரிக்காதீர்கள். செல்லூர் அறை இப்போது ஜிம் ஆகிவிட்டது. தறியும் இல்லை. ஒருநாள் அந்த வழியாகப் போனபோது உள்ளே ஓடுகிற மெஷினைப் பார்த்தேன், ஒருவர் ஓடி ஓடி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

போன மாதம் ரீட்டா அக்கா திண்டுக்கல்லில் தங்கை வீட்டில் இறந்துபோனார். குழுவிலிருந்து அடக்கத்துக்குப் போனவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள், போனில் அழுகிற பொம்மை அனுப்பினார்கள். குழியை மூடியதும் யாரோ அதைச் சுற்றி பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். வட்டம் கோணலாக, முட்டை மாதிரி வந்தது. "மாப்ள, கோழி எங்க?" என்று பக்கத்தில் யாராவது கேட்க வேண்டும் போலிருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "பாவம்" என்றாள். அவள் வேறென்ன சொல்வாள்? இதைச் சொல்வதற்கு உலகத்தில் ஒரே ஆள்தான்.

அவனுடைய பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை. முகநூலில் அழகர் என்று தேடினால் குதிரையில் சாமிதான் வருகிறார். மற்றவர்களிடம் கேட்டால் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான், "கொட்டாம்பட்டிப் பக்கம்". என் ஊர் எது என்று அவனுக்கும் தெரியாது, ஒருவேளை எங்காவது அவனும் விசாரித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்கும் நான் இதுவரை சொல்லவில்லை, கவனித்தீர்களா? பழக்கதோஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, மேலூர் தாண்டி, கொட்டாம்பட்டியில் அதே இடத்தில் இறங்கினேன். டீக்கடையில் கேட்டேன்.

"எந்த அழகருண்ணே? இங்க தெருவுக்குத் தெரு அழகருதான்" என்றார் கடைக்காரர்.

"நாடகம் போடுவாரு. உசரமா இருப்பாரு. திருப்பூர்ல இருந்தாரு."

"அப்பா பேரு?"

தெரியாது என்றேன்.

"பஸ்ஸ விட்டு எறங்கி எங்கிட்டுப் போவாரு? மேக்கயா, கெழக்கயா?"

நான் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன். பெஞ்சில் இருந்த பெரியவர் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். "ஆளுக என்ன ஆளுகன்னு சொல்லுங்க தம்பி. இந்நேரம் கொண்டு போயி வாசல்லயே விட்டுருவோம்" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்கா செய்தது தப்பென்று நான் என்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தபோது, ஒரே ஒரு தடவை அவனிடம் கேட்டிருக்கலாமே என்று இருந்தது. என்னையறியாமல் வாயில் வந்தது வேறு.

"நாடகக்காரங்க வீட்டுப் புள்ளண்ணே."

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு உண்மையாகவே யோசித்தார். பெரியவரைப் பார்த்தார். பெரியவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அப்படி ஒரு வீடு இங்க இல்லையேண்ணே."

"இருந்துச்சுண்ணே" என்றேன்.

மதுரை பஸ் வந்துவிட்டது. கடைசி சீட்டில் இடம் கிடைத்தது. வளைவில் மறைகிறவரை பின் கண்ணாடி வழியாக அந்த ஸ்டாப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன். அங்கே யாரும் நிற்கவில்லை.