தலை தட்டி அளந்த இராசநாயகம் அண்ணை

இராசநாயகம் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி எனக்குப் படமாகத்தான் வந்தது. என் கணவர் கைபேசியைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே பிடித்தார். இரண்டு பக்கமும் குத்துவிளக்குப் போட்ட கட்டத்துக்குள் அண்ணை கோட்டும் ரையுமாக இருந்தார். ஒருநாளும் கோட் போடாத மனிதர். அது மருமகனுடைய கோட் என்று தோளைப் பார்த்ததும் தெரிந்தது. ஐம்பது வருடப் பழக்கத்துக்கு அவருடைய மனைவி மலர் அக்கா எனக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

செத்தவீட்டு மண்டபத்தில் பேசிய ஒருவர், "அண்ணை ஒரு எறும்புக்கும் தீங்கு நினையாதவர்" என்றார். எறும்புக்கு அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. மூஸுக்கு நினைத்தார். மாட்டைவிட உயரமான அந்தக் காட்டு மானைத் தேடி வருடத்துக்கு ஒருமுறை வடக்கே போவார். அதற்கான தோட்டாவையும் தன் கையாலேயே செய்வார். இது உங்களில் பலருக்குத் தெரியாது. கோயிலில் சுண்டல் கொடுக்கும் அண்ணையைத்தான் நீங்கள் அறிவீர்கள். தோட்டா செய்த அண்ணையை நான் அறிவேன். எனக்குப் படிப்புக் குறைவு. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியவர் யாரென்பதும் மறக்கவில்லை. ஆனாலும் கண்டதை எழுதுவேன்.

எழுபத்துநாலாம் ஆண்டு ரெக்ஸ்டேலில் அவர்கள் வீட்டின் மேல்தளத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். என் கணவரும் அண்ணையும் ஒரே பட்டறையில் லேத் வேலை. மலர் அக்கா தாதி. அந்த நாளில் ரொறன்ரோவில் எங்கள் ஆட்களை விரல்விட்டு எண்ணலாம். பேச்சுத் துணைக்கு ஒருவரும் இல்லை. பின்னேரம் வேலையால் வந்ததும் அண்ணை நிலத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்றுக்குள் இறங்கிவிடுவார். கிறீச் என்று ஒரு சத்தம் வரும், பிறகு டக் என்று ஒன்று. ஒன்பது நாள் பொறுத்தேன். பத்தாம் நாள் படியால் இறங்கிப் போனேன்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"உது உமக்கு விளங்காது, தங்கச்சி."

மேலே ஏறி வந்துவிட்டேன். அடுத்த நாள் மறுபடியும் போனேன்.

"விளங்காட்டிலும் பாக்கலாம்தானே?"

அவர் ஒரு பெயின்ற் வாளியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தேன். 'விளங்காது' என்ற சொல்லை மட்டும் நான் விடவில்லை, உள்ளே முடிந்து வைத்துக்கொண்டேன்.

அவருடைய வேட்டைத் துவக்கு மிகப் பழையது. பட்டறையில் ஓய்வுபெற்றுப் போன ஒரு பின்லாந்துக் கிழவர் கொடுத்தது. குழலுக்குள் என் சுண்டுவிரல் தாராளமாகப் போகும். அந்த அளவுத் தோட்டா கடைக்கு வருவது நின்றுவிட்டது. அதனால் வெடித்து முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிச் சேர்த்து, அவற்றையே திரும்பத் திரும்ப நிரப்புவார். மேசையோடு முடுக்கிய, கோதை அமுக்கும் ஒரு பிரஸ். அதன் பிடியை இழுத்தால் கிறீச். கோதின் அடியில் மருந்துக்குப் பொறி தட்டும் பழைய நெருப்புக் குமிழ் கழன்று விழுந்தால் டக். ஒன்பது நாள் என் மண்டையைக் குடைந்த சத்தம் இவ்வளவுதான்.

கோதைப் பிரஸ்ஸுக்குள் விடமுன்னர் விரலால் ஒரு மெழுகைத் தொட்டுத் தடவுவார். பிள்ளைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரித்தான்.

"ஏன் அண்ணை தடவிறியள்?"

"தடவாட்டில் உள்ளுக்கு இறுகிப் போகும். பித்தளைக்கு ஞாபகம் இருக்கு, தங்கச்சி. எந்தத் துவக்கில வெடிச்சுதோ அந்தத் துவக்கின்ர அச்சிலயே வீங்கி நிக்கும். நாங்கள் அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேணும்."

பித்தளைக்கு ஞாபகம் உண்டென்று சொன்னவரை அதற்கு முன்னர் நான் கண்டதில்லை. அன்றிலிருந்து எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது. ஈயம் உருக்கும் நாளில் கராஜ் கதவைத் திறந்துவைப்பார். கார்ச் சில்லில் கொளுவும் ஈயக் கட்டிகளை உருக்கி அச்சில் வார்ப்பார். முதல் வார்ப்பில் குண்டு சுருங்கி, முகம் கழுவாத மாதிரி இருக்கும். அதைத் திரும்பச் சட்டிக்குள் போடுவார். அச்சுச் சூடேறிய பிறகுதான் வழுவழுப்பாக விழும். அந்தச் சட்டி மலர் அக்காவின் பால் காய்ச்சும் சட்டி. அதற்காக நடந்த சண்டையை நான் மேலே இருந்து முழுக்கக் கேட்டேன். நியாயம் மலர் அக்கா பக்கம்.

வெடிமருந்து அளப்பதுதான் எல்லாவற்றிலும் விசித்திரம். கோதின் அரைவாசிக்கும் குறைவாகத்தான் போடுவார். "பழைய இரும்பு. இளந்தாரிக்குப் போடுற மாதிரிப் போடேலாது" என்பார். வெட்டிய கோதொன்றுக்குக் கம்பியில் பிடி வைத்து ஒரு சின்ன அகப்பை செய்திருந்தார். அதில் மருந்தை அள்ளி, சீட்டுக்கட்டின் சீட்டு ஒன்றால் மேலே வழித்துவிடுவார். தலை தட்டி அளப்பது என்று ஊரில் சொல்வோமே, அதுதான். ஐந்துக்கு ஒன்றைத் தராசில் வைத்தும் பார்ப்பார்.

அந்த ஐப்பசியில் என் கணவரும் முதல்முறையாக அவரோடு வேட்டைக்குப் போவதாக ஏற்பாடு. போவதற்கு முதல் நாள் பின்னேரம், துளை போட்ட பலகையில் நாற்பது கோதுகள் வாயைத் திறந்தபடி வரிசையாக நின்றன. அரைவாசிக்கு மேலே அண்ணை மருந்து போட்டிருந்தார். அந்த நேரம் மேலே ரெலிபோன் அடித்தது. மொன்றியலில் இருக்கும் அவருடைய மச்சான். ஊரில் அண்ணையின் தகப்பனுக்கு வருத்தம் கடுமையாம். அண்ணை எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு ஓடினார்.

நான் பெயின்ற் வாளியில் இருந்து எழும்பினேன். விளங்காது என்றாரே, செய்து காட்டுவோம் என்றொரு எண்ணம். அகப்பையை எடுத்தேன். 'லாபம்' என்று தொடங்கிப் பன்னிரண்டு வரை எண்ணி மிச்சத்தை நிரப்பினேன். ஆனால் தலை தட்டவில்லை. எங்கள் வீட்டில் வேலைக்கு வந்தவர்களுக்கு நெல் அளந்தால் கொத்துக்கு மேலே கும்பி நிற்க வேண்டும். வழித்து அளந்தால் அம்மா கையில் அடிப்பார். அடுத்த நாள் இந்தத் துவக்கைத் தூக்கப் போவது என் கணவர். அவருக்குப் போய் நான் வழித்து அளப்பதா? ஒவ்வொன்றும் கும்பி கும்பியாகத்தான் போட்டேன்.

அண்ணை முகம் கறுத்து இறங்கி வந்தார்.

"நிரப்பிப் போட்டீரோ?"

"ஓம் அண்ணை. உங்களை மாதிரித்தான்."

அப்படித்தான் சொன்னேன். ரோர்ச் லைற் அடித்துக் கோதுகளுக்குள் எட்டிப் பார்த்தார். அவ்வளவு சின்ன வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தராசை அவர் தொடவில்லை. மனம் முழுக்க ஊரில். ஒவ்வொன்றுக்கும் ஈயக்குண்டை வைத்து அழுத்தி மூடி, நாற்பதையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை நான் குசினியில் புட்டும் சம்பலும் பொதி கட்டிக்கொண்டிருந்தேன். முன்னறையில் அண்ணை என் கணவருக்குத் துவக்கைப் பழக்கினார். "நான் அளந்ததுக்கு மேல ஒரு சிட்டிகையும் இது தாங்காது, தெரியுமோ? துவக்குத் தந்த கிழவன்ர தம்பி கொஞ்சம் கூடப் போட்டவன். பின்பக்கம் வெடிச்சு, ஒரு கண்ணும் ரெண்டு விரலும் போயிட்டுது."

கையில் சம்பல் அப்படியே நின்றது.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. சொன்னால் 'உமக்கு விளங்காது' என்றது சரியென்று ஆகிவிடுமே. புட்டுப் பொதியைக் கொண்டுபோய்க் காரில் வைத்தேன். திரும்பி வந்து தேத்தண்ணிப் போத்தலைக் கொண்டுபோனேன். என் கணவர் தோட்டாப் பெட்டியைப் பின் சீற்றில் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு கண்ணையும் பார்த்தேன். பக்கத்தில் நின்ற அண்ணையின் பக்கம் திரும்பினேன்.

"அண்ணை, நான் தலை தட்டேல்லை. கும்பியாப் போட்டனான்."

முதலில் சிரித்தவர் என் கணவர். "இஞ்சரும், துவக்குக்கும் விருந்து வைச்சனீரோ?"

"சிரியாதையும்" என்றார் அண்ணை. "சிரிக்கிறதுக்கு உமக்கு முகம் மிஞ்சினது அவ வாய் திறந்ததாலதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "எத்தினை?"

"பன்னிரண்டு."

"வடிவாத் தெரியுமோ?"

"எனக்கு எண்ணிக்கை பிழைக்காது."

மூடிய பிறகு எல்லாத் தோட்டாவும் ஒரே மாதிரி. அவர் வார்த்த ஈயக்குண்டுகள் ஒன்றுக்கொன்று நிறை கூடிக் குறைந்தவை. அதனால் தோட்டாவைத் தராசில் நிறுத்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. நாற்பதையும் கழற்ற வேண்டும். மூவரும் கீழே இறங்கினோம். சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்ரிக் கருவி. அதன் தலைக்குள் தோட்டாவைச் செருகி நிலத்தில் ஓங்கி அடித்தால் ஈயம் கழன்று மருந்தோடு உள்ளே விழும். அண்ணை அடித்தார். மருந்தைத் தராசுத் தட்டில் கொட்டினார். சரியான அளவென்றால் முள் நடுவில் நிற்கும். என்னுடையது வந்தால் மளமளவென்று சாய்ந்துவிடும். ஒரு கும்பிக்கு இவ்வளவு பாரமா என்று நானும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பயத்தோடு பயமாக எனக்கு அதுவும் புதினமாகத்தான் இருந்தது.

முப்பத்தொன்று கழற்றியபோது பன்னிரண்டும் வந்துவிட்டன. என் கணவர் மணிக்கூட்டைப் பார்த்தார். லீவே ஐந்து நாள்தான்.

"பன்னிரண்டும் கிடைச்சிட்டுது. மிச்சம் உங்கட கை. விடுங்கோ அண்ணை, வெளிக்கிடுவம்."

அண்ணை கருவியைக் கீழே வைத்துக் கையைத் துடைத்தார். என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, முதல் போட்டதுக்கு என்ன சொன்னனீர்?"

"லாபம்."

"அதுக்குப் பிறகு?"

"ஒண்டு."

"எங்கட வீட்டில லாபத்துக்குப் பிறகு ரெண்டு" என்றார். கருவியை மறுபடியும் எடுத்தார்.

முப்பத்தேழாவது தோட்டாவில் முள் சாய்ந்தது. பதின்மூன்று.

என் கணவர் அப்படியே படியில் இருந்துவிட்டார். எங்கள் வீட்டில் 'லாபம்' கணக்கில் சேராத அளவை. அள்ளிக் கொடுக்கிறவன் மேலதிகமாகப் போடுவது. அப்படி எண்ணாமல் ஒன்று இருக்கிறது என்று என் ஞாபகம் எனக்குச் சொல்லவேயில்லை. அண்ணை மிச்ச மூன்றையும் கழற்றி முடித்த பிறகுதான் பேசினார்.

"பிழை உம்மில துவங்கேல்லை. நான் நிறுக்காமல் மூடினன் பாரும், அங்க துவங்கினது."

எல்லாவற்றையும் புதிதாக நிரப்பிக்கொண்டு ஒருநாள் பிந்திப் போனார்கள். என் கணவர் சுட்டது ஒரு பைன் மரத்தை. அண்ணைக்கு மூஸ் விழுந்தது. அதன் இறைச்சியை மலர் அக்கா சரக்குத்தூள் போட்டு வறுத்தார். நானும் சாப்பிட்டேன்.

கதை இதோடு நல்லபடி முடிந்திருக்க வேண்டும். ஆனால் அண்ணை திரும்பி வந்த அடுத்த நாளே பேஸ்மென்ற் கதவுக்கு ஒரு பூட்டு ஏறியது. என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. பிழை உம்மில் துவங்கவில்லை என்று சொன்ன வாய், கைக்குப் பூட்டைக் கொடுத்தது. நானும் பேச்சை நிறுத்தினேன். ஒரே வீட்டில் இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை. வெந்நீர் வரவில்லை என்றாலும் மலர் அக்கா மூலம்தான். "என்ன, ரெண்டு பேரும் ஐ.நா. சபை வைச்சுத்தான் கதைப்பியளோ?" என்று அவர் திட்டுவார்.

மூன்றாம் வருடம் ஐப்பசியில் அண்ணை மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை. அடுத்த நாளும் வந்தார். திறந்தேன், பேசவில்லை. மூன்றாம் நாள் வாசலிலேயே நின்று சொன்னார்.

"எனக்குக் கண் மங்குது. தலை தட்ட ஒரு ஆள் வேணும்."

"பிழை விட்டவளையே கூப்பிடுறியள்?"

"பிழை விடாத ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. பிழை விட்டிட்டு வந்து சொன்ன ஆளெண்டால் உம்மை மட்டும்தான் தெரியும்."

"அப்ப பூட்டு ஆருக்கு?"

"எனக்கு. நீர் வந்தால் நான் கதைப்பன். கதைச்சால் கை பிழைக்கும். அண்டைக்குப் பிறகு பயந்திட்டன், தங்கச்சி."

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாம்தானே?"

"ஓம்" என்று மட்டும் சொன்னார்.

போனேன். நாங்கள் மில்லிக்கனில் வீடு வாங்கிப் போகும்வரை ஒவ்வொரு ஐப்பசியும் நான்தான் தலை தட்டினேன், அவர்தான் தராசில் நிறுத்தார். வேலை முடியும்வரை இருவரும் வாய் திறப்பதில்லை. முடிந்த பிறகு பேசத் தொடங்கினால் மலர் அக்கா வந்து விளக்கை அணைத்துத்தான் எழுப்புவார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பவை இரண்டு. வயது போகப் போக, நான் சொல்வதே சரி என்று எத்தனையோ விஷயத்தில் பிள்ளைகளோடு மல்லுக்கு நிற்கிறேன். நிற்கும்போது, முதல் போட்டதற்கு என்ன சொன்னனீர் என்று அவர் கேட்பது காதில் விழும். அப்போது ஒருமுறை நிறுத்திப் பார்க்கிறேன். எப்போதும் இல்லை. சில வேளை.

மற்றது அந்தப் பூட்டு. என்னைச் சொல்ல வைத்த மனிதர் தான் சொல்லாமல் இரண்டு வருடம் வீணாக்கினார். அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் யோசனையும் இல்லை. நேற்றுக்கூட ஏதனம் கழுவும்போது அதற்காக அவரோடு ஒரு சண்டை பிடித்தேன். "ஓம்" என்றார்.