குத்தூசி இறங்காத பெட்டி

என் அப்பாவின் இதயம் தானாக ஒழுங்காக ஓடுவதில்லை. இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கர் இருக்கிறது. அது தட்டிக் கொடுத்தால் ஓடும், தட்டாவிட்டால் நின்று யோசிக்கும். அதன் பேட்டரி தீரப்போகிறது, சில மாதங்களுக்குள் புதுசு வைத்துவிட வேண்டும் என்று தேனியில் டாக்டர் சொன்ன அதே வாரத்தில்தான் லெபனானில் பேஜர்கள் வெடித்தன. என் கெட்ட நேரம் எவ்வளவு தூரத்திலிருந்தெல்லாம் கிளம்பி வருகிறது பாருங்கள்.

அப்பா செய்திச் சேனலைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைத்துப் பார்ப்பவர். அன்று சத்தத்தைக் குறைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடுப்பில் செருகியிருந்த பேஜர் கூவியிருக்கிறது, என்ன செய்தி என்று முகத்துக்கு நேரே எடுத்திருக்கிறார்கள், வெடித்துக் கையும் கண்ணும் போயிருக்கிறது. பக்கத்தில் நின்ற குழந்தைகளும் செத்தார்கள். மறுநாள் வாக்கி டாக்கிகள் வெடித்தன. உளவுத்துறைக்காரர்களே பெயருக்கு ஒரு கம்பெனி வைத்து, பேட்டரிக்குள் வெடிமருந்தை மறைத்து, எதிரிக்கே விற்றிருக்கிறார்கள், எதிரியும் காசு கொடுத்து வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நடமாடியிருக்கிறான் என்று டிவியில் படம் போட்டு விளக்கினார்கள். நான் அதைக் கேட்டு, அடப்பாவிகளா என்றுவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன். அப்பா போகவில்லை.

அவர் கம்பத்தில் மிளகு வியாபாரம் பார்த்தவர். கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் இறங்கும் மூட்டைகளைப் பார்த்து வாங்கி, வடக்கே அனுப்புவார். மலைக்காரர்களோடு பாதி மலையாளத்தில் பேரம் பேசுவார். கையில் எப்போதும் குத்தூசி இருக்கும். மூட்டையின் வயிற்றில் குத்தி இழுத்தால் நடுவிலிருந்து ஒரு பிடி மிளகு அதன் குழிவு வழியாகச் சரிந்து உள்ளங்கையில் விழும். வாய்ப்பக்கம் நல்ல மிளகும் உள்ளே பப்பாளி விதையுமாக வரும் மூட்டைகளை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். சீல், சீட்டு, சத்தியம் எதையும் நம்பமாட்டார், ஊசியைத்தான் நம்புவார். இன்னொரு வழக்கமும் உண்டு. குத்திப் பார்க்காமல் ஒரு மூட்டையையும் தள்ளிவைக்க மாட்டார். அவர் தள்ளியதை மற்ற வியாபாரிகள் தொடமாட்டார்கள், அந்த மலைக்காரர் மூட்டையைத் திருப்பி ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும். ஊசி போடாமல் வாய்தவறி ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அதைத் தானே எடுத்துக்கொள்வார். வியாபாரத்தை விட்டுப் பல வருஷமாகியும் ஊசி மட்டும் பூஜையறைப் பரணில் இருக்கிறது.

அப்படிப்பட்டவருக்கு அந்தச் செய்தி எப்படிப் புரிந்திருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார்.

"ஏத்தா, வாங்குனவன் ஒண்ணும் கேணப்பய இல்ல. பேரைப் பாத்து, சீலைப் பாத்து, ஆளைப் பாத்துத்தான் வாங்கிருப்பான். நடுவுல ஒரு கை மாறிருக்கு. அது யாரு கைன்னு கடைசி வரைக்கும் அவனுக்குத் தெரியல. எனக்குப் புது மிசின் வேணாம்."

முதலில் சிரித்தேன். கம்பத்து மிளகு வியாபாரியோடு எந்த நாட்டு உளவாளிக்கு என்ன பகை என்று கேட்டேன். எனக்கென்று தனியாக எவனும் வைக்கமாட்டான், மொத்தமாக வைப்பான், எவன் வாங்குகிறானோ அவன் தலையெழுத்து என்றார். நெஞ்சில் இருக்கும் பழையது அந்தச் சம்பவத்துக்கு வெகுகாலம் முன்பே வந்தது, ஆகவே அது சுத்தமான சரக்கு என்பது அவர் கணக்கு. அது சாகப்போகிற சரக்கு என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். பலகையில் வரைவதுபோல அவருக்குப் பேஸ்மேக்கரை வரைந்து காட்டினேன். உலோகக் கூட்டைச் சுற்றிலும் உருக்கி ஒட்டியிருப்பார்கள், காற்றுக்கூட நுழையாது, அவ்வளவு சின்ன இடத்தில் பேட்டரியும் மின்சுற்றும்தான் இருக்கமுடியும் என்றேன். பேஜர்காரனுக்கும் இப்படித்தான் ஒருத்தி வரைந்து காட்டியிருப்பாள் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைக் கசக்கி எறிந்தேன். அம்மா அதை எடுத்து நீவி வைத்தாள்.

அதன்பிறகு வீட்டில் பேட்டரி உள்ளதெல்லாம் விசாரணைக்கு வந்தது. டிவி ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, வேண்டும்போது மாட்டிக்கொள்வார். அவருக்காக நான் வரவழைத்த ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, பெட்டி பிரிக்கப்படாமலே பின்கட்டில் துவைக்கிற கல்லின் மேல் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. கொண்டுவந்த கூரியர்காரரிடம் இது எங்கிருந்து புறப்பட்டது, வழியில் எங்கே இறக்கி வைத்தார்கள், அங்கே யார் யார் இருந்தார்கள் என்று வாசலில் நிறுத்தி விசாரித்திருக்கிறார். பாவம், அந்த ஆள் எனக்கு ஆண்டிபட்டியிலிருந்துதான் தெரியும் என்றாராம்.

சிரித்த காலம் சீக்கிரம் முடிந்தது. அப்பா மாடிப்படியில் பாதியிலேயே உட்கார ஆரம்பித்தார். குளித்துவிட்டு வந்தால் துவட்டத் தெம்பில்லாமல் துண்டோடு நிற்பார். மத்தியானம் அவர் கண்ணயர்ந்தால் அம்மா மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பாள், வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். எனக்கு வகுப்பில் பாடம் ஓடவில்லை. போன் அடித்தால் பாதி வரியில் நிறுத்திவிட்டு வெளியே ஓடினேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன், பேசாமல் இருந்தேன், அவரோடு சேர்ந்து நானும் சாப்பிடாமல் கிடந்தேன். ஒரு மனுஷன் கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கிறான், மருந்து இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, கூட்டிப்போக ஆள் இருக்கிறது. எங்கேயோ முகம் தெரியாத யாரோ ஒரு பேட்டரிக்குள் எதையோ வைத்தான் என்பதற்காக, கம்பத்தில் என் அப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த நாட்களில் அவர்மேல் எனக்குப் பாசமே இல்லை, வெறும் கோபம்தான் இருந்தது.

டாக்டர் பொறுமையானவர். அப்பாவை எதிரே உட்காரவைத்துப் பேசினார். பெட்டியைப் பிரித்துக் கருவியைப் பார்க்கமுடியுமா என்று அப்பா கேட்டார். ஆபரேஷன் அறைக்கு வெளியே பிரித்தால் கிருமி பட்டுவிடும், பிறகு யாருக்கும் வைக்கமுடியாது என்றார் டாக்டர். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டியா? தெறக்கக் கூடாத பெட்டியை, தெறந்து பாக்க முடியாத எடத்துல வைக்கப் போறாக."

ஆபரேஷனுக்குத் தேதி குறிக்காமலே வீடு திரும்பினோம்.

பின்கட்டுக் குழாயடியில் அப்பா விழுந்த அன்று நெற்றி பிளந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அம்மா, கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் குரலை உயர்த்தாதவள், அன்றும் உயர்த்தாமல்தான் சொன்னாள்.

"வீரபாண்டியில தீச்சட்டி எடுக்கிறதா நேந்துருக்கேன். நீங்க நல்லாருந்தா எடுப்பேன். இல்லாட்டி அந்தக் கோயில் வாசலை மிதிக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க."

அப்பா அதற்குமேல் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். கடைக்காரன் எடுத்துக் கொடுப்பதை அவர் வாங்கமாட்டார். ரெண்டு பெட்டியாவது முன்னால் இருக்கவேண்டும், அதில் அவர் கை காட்டுவதைத்தான் வைக்கவேண்டும். ஊசி இறங்காத சரக்கில் அவருக்கு மிச்சமிருந்த உரிமை அது ஒன்றுதான். டாக்டரிடம் வெட்கத்தோடு சொன்னேன். அதே நாளில் இன்னொருவருக்கும் அதே ரகம்தான் வைக்கிறோம், எப்படியும் ரெண்டு பெட்டி வரும், ஒன்றைத் தொட்டுக் காட்டட்டும் என்றார். அவர் காலில் விழாத குறை.

ஆபரேஷன் அறைக்கு வெளியே ரெண்டு ஸ்ட்ரெச்சர் பக்கம் பக்கமாக இருந்தது. ஒன்றில் அப்பா. மற்றதில் சுருளிப்பட்டிக்காரர் ஒருவர், திராட்சைப் பந்தலுக்குக் கீழே மயங்கி விழுந்து கிடந்தவர், உதடு கறுத்துப் போயிருந்தது. அவர் மனைவி காலையிலிருந்து எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். அப்பாவை அண்ணே என்றுதான் கூப்பிட்டார். உங்களுக்கு இது ரெண்டாவது தடவை, பயமில்லையே என்று கேட்டு, பழைய கருவி அப்பாவை இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருந்ததைக் கேட்டுத் தெம்பாக இருந்தார்.

பேஸ்மேக்கர் கம்பெனி ஆள் ஒரு தட்டில் ரெண்டு பெட்டியையும் கொண்டுவந்தார். அப்பா படுத்தபடியே ஒன்றை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார், விளிம்பைத் தடவினார். ஒரு மூலை லேசாக நசுங்கியிருந்தது. விரல் அங்கேயே நின்றது. அதைத் தட்டில் வைத்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, மற்றதைத் தொட்டு, இது என்றார். எனக்கு உயிர் வந்தது. சரி ஐயா, அப்ப இது அவருக்கு என்று கம்பெனி ஆள் தள்ளிய பெட்டியைச் சுருளிப்பட்டிக்காரர் பக்கம் நகர்த்தினார்.

அந்தம்மா எழுந்தார்.

"அண்ணே, நீங்க தள்ளுனதையா எங்க வீட்டுக்காரருக்கு வைக்கப் போறாக? அதுல என்ன பாத்தீக?"

ஒன்றும் பார்க்கவில்லை என்றார் அப்பா.

"பாக்காம எதுக்குத் தள்ளுனீக?"

அந்தம்மா நர்ஸிடம் திரும்பி, இங்கே வேண்டாம், கூட்டிப்போகிறோம் என்றார். வேறு பெட்டி வர நாளாகும், அதுவரை இவர் தாங்கமாட்டார் என்று டாக்டர் வந்து சொன்னார். அந்தம்மா கேட்கவில்லை, கீழே வைத்திருந்த பையை எடுத்துவிட்டார். அந்த மனுஷன் மனைவி சொல்லுக்குக் கட்டுப்பட்டு, கையூன்றி எழுந்திருக்க முயன்றார், முடியாமல் சரிந்தார். நான் ஓடிப்போய் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ரெண்டும் ஒன்றுதான், ஒரே இடத்தில் செய்தது, ஒட்டி உருக்கிய கூடு, உள்ளே எதுவும் நுழையாது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் தோற்ற அதே வார்த்தைகள். ஒன்றுதான் என்றால் உங்கப்பா ஏன் மாற்றினார் என்று மட்டும் கேட்டார். அப்பாவிடமிருந்து அந்தப் பயம் தொற்றியதை நான் அந்த இடத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன். பேஜர் வெடித்த ஊரிலிருந்து கம்பத்துக்கு வந்து, கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஏத்தா, பையைக் கீழ வையி," என்றார் அப்பா. கம்பெனி ஆளைக் கூப்பிட்டார். "ஊசி போடாமத் தள்ளிட்டேன். அது என் சரக்கு. அதை எனக்கு வச்சிரு. நான் எடுத்ததை அவருக்குக் குடு."

அந்தம்மா அப்பா முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். நிஜமாவா அண்ணே என்றார். அப்பா தலையசைத்ததும் பை கீழே இறங்கியது. முதலில் அவர் கணவரைத்தான் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

இத்தனை மாதமும் எதற்காக அழுதேனோ அது நடந்துவிட்டது. அப்பா தன் வாயால் எனக்கு வை என்று சொல்லிவிட்டார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் கண் அந்த நசுங்கிய மூலையை விட்டு நகரவில்லை. அது எங்கே நசுங்கியது, எந்த வண்டியில், யார் கையில். அப்பாவின் ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோது, இது வேணாம்ப்பா, இது மட்டும் வேணாம் என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இயற்பியல் டீச்சர் நான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னத்தா?"

"ஒண்ணுமில்லப்பா."

கதவு சாத்திக்கொண்டது.

சித்திரையில் அம்மா தீச்சட்டி எடுத்தாள். சுருளிப்பட்டியிலிருந்து ஒரு கூடை திராட்சை வந்தது. அப்பா இப்போது மாடிக்கு ஏறி இறங்குகிறார், ரிமோட்டில் பேட்டரி மாட்டியபடியே இருக்கிறது, செய்திச் சேனல் பழையபடி தெருவுக்கே கேட்கிறது. பக்கத்தில் யார் போனாவது கூவினால் அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான்தான் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு அவர் சட்டையின் இடது பக்கத்தைப் பார்க்கிறேன்.