யுகாதிக்குக் குளித்த குட்டி

காலை ஐந்தே முக்கால். பட்டியின் படலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது எண்ணெய் மினுங்கும் ஓர் ஆட்டுக்குட்டி. நெற்றியில் குங்குமம். பக்கத்தில் ஈரத் துணியோடு அண்ணி.

"பாருங்க தம்பி, பெட்டை! விடியக்காலம் போட்டுருக்குது. ஒரே பிசுபிசுப்பு. எண்ணெய் வெச்சு, சீயக்கா போட்டு வெந்நீர்ல குளிப்பாட்டிட்டேன்."

அன்று யுகாதி. மூக்கண்டப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் காடு. வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் சுற்றிலும் தெலுங்குக்காரர்கள் என்பதால் அவர்களுடைய எண்ணெய்க் குளியலும் ஒப்பட்டு என்கிற போளியும் எங்களிடமும் வந்துவிட்டன. அண்ணி அந்தத் தை மாதம்தான் சாமல்பட்டியிலிருந்து மருமகளாக வந்திருந்தாள். ரயில்வேக்காரர் மகள். ஆட்டுப்பட்டிக்குள் கால் வைத்ததே இங்கு வந்த பிறகுதான்.

புது மருமகளுக்கு அந்தப் பருவத்தின் முதல் பெட்டைக் குட்டியைக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதுவும் அதன் வழியில் வரும் குட்டிகளும் அவளுக்கே. வளர்க்கலாம், விற்கலாம், வீட்டில் யாரும் கேட்க முடியாது. அந்தப் பங்குனியில் அதுவரை பிறந்தவை எல்லாம் கிடாய். ஒவ்வொரு தடவையும் அண்ணி ஓடிப்போய் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து ராகிக் களி கிண்டுவாள். இதை விட்டால் சினையாக வேறு எந்த ஆடும் இல்லை.

குட்டி தள்ளாடியபடி தாயிடம் போனது. தாய் மோந்து பார்த்தது. ஒரே முட்டு. குட்டி சாணத்தில் விழுந்தது.

அம்மா வந்தாள். குட்டியைத் தூக்கி மோந்தாள்.

"ஏம்மா, சீயக்கா வாசனை அடிக்குதே. தாய் நக்குறதுக்கு முன்னாலயே கழுவிட்டியா?"

"பொங்கலுக்கு மாட்டக் குளிப்பாட்டறோம் இல்லைங்களா அத்தை. யுகாதிக்குக் குட்டியக் குளிப்பாட்டக் கூடாதா?"

"குட்டிக்கு மட்டும் தலை முழுவி உட்டுட்ட, தாய்க்கு உடல. அந்தக் கோவம் அதுக்கு."

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் சீம்பால் வயிற்றுக்குள் போகாவிட்டால் குட்டி பிழைக்காது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

முந்தின நாள் ஏரியில் கழுவிக் கொண்டுவந்த செம்மறிகள் ரோமம் கத்தரிக்கக் காத்திருந்தன. அந்த வேலை அப்படியே நின்றது. நான் தாயாட்டின் கொம்பைப் பிடித்துக்கொள்ள, அதன் வாசனையே ஏறட்டும் என்று அம்மா பால் பீச்சிக் குட்டியின் தலையிலும் பின்பக்கத்திலும் பூசினாள். மேலே உப்பைத் தூவினாள். ஆடு உப்பை நன்றாக நக்கித் தின்றது. தின்று முடித்ததும் மறுபடியும் முட்டியது.

"உப்புத் தின்னும் நன்றி இல்லியே உனக்கு!" என்று ஆட்டைத் திட்டிவிட்டு அம்மா என்னிடம் திரும்பினாள். "நாயப் புடிச்சிட்டு வாடா."

"ஐயோ, நாய் எதுக்குங்க அத்தை?" அண்ணி குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கீழ உடும்மா. நாயக் கண்டா அதுக்குத் தாய் புத்தி வரும்."

எங்கள் நாய் சண்டைக்குப் போகிற ஜாதி இல்லை. ஒப்பட்டுத் துண்டைக் காட்டித்தான் பட்டி வரைக்கும் கொண்டுவந்தேன். அது உள்ளே நுழைந்ததும் ஆடு காதை விறைத்து, முன்னங்காலால் தரையைத் தட்டியது. நாய் ஒப்பட்டைப் பார்த்தபடியே இன்னும் ஓரடி வைத்தது. ஆடு குட்டியைத் தாண்டிப் பாய்ந்து நாயின் விலாவில் முட்டியது. நாய் ஒப்பட்டை மறந்து வேலி தாண்டி ஓடிவிட்டது. ஆடு திரும்பி வந்து குட்டிக்குக் குறுக்கே நின்றது. மோந்தது. இந்தத் தடவை முட்டவில்லை. குட்டி மடியைத் தேடிப் பிடித்தது.

"குடிக்குதுங்களா அத்தை?"

"வாலப் பாரு. ஆடுதில்ல?"

சாயங்காலம் அம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பட்டிக்கு வந்தாள். யாருடையது என்று தெரிய, வீட்டு ஆடுகளுக்கெல்லாம் வலது காதில் வெட்டு அடையாளம் இருக்கும். அந்தக் குட்டிக்கு இடது காதில் வெட்டினாள்.