பள்ளிக்கூடம் ஸ்டாப்

"ஏழெட்டு?"

பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, கம்பியில் முதுகைச் சாய்த்து, கைருதீன் குனிந்து கேட்கிறார். நெரிசலில் அவருடைய இடுப்புயரத்துக்கு நிற்கும் முத்துப்பேச்சி என்ற சிறுமி அண்ணாந்து பார்த்துச் சொல்கிறாள்:

"அம்பத்தாறு பாய்."

"செரி, உள்ள போ கண்ணு. அடுத்த ஆளு. ஆறொம்போது?"

"அம்பத்தி நாலு."

அதுதான் டிக்கெட். பல்லடத்திலிருந்து மங்கலம் வழியாகத் திருப்பூர் போகும் அந்தத் தனியார் பேருந்தில், பள்ளிச் சீருடை போட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் கேட்கும் வாய்ப்பாட்டுக்கு விடை சொன்னால் போதும். "ஏனுங்க பாய், நானும் வாய்ப்பாடு சொல்றனுங்க, என்னையும் சும்மா உடுங்க" என்று யாராவது பெரியவர் சீண்டினால், "உங்களுக்குப் பதினாறாம் வாய்ப்பாடுங்க. ஆரம்பிங்க பாக்கலாம்" என்பார். பெரியவர் சில்லறையை எடுப்பார்.

கைருதீனுக்கு நாற்பத்தைந்து வயது. பையைச் சுமந்து சுமந்து இடது தோள் இறங்கிப்போன உடம்பு. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு ஒதுங்கியிருக்கும். கடைவாய்ப் பல்லில் பல வருட வலி. பல்லைப் பிடுங்கச் சொன்னால், "அது பாட்டுக்கு இருக்குதுங்க, நா பாட்டுக்கு இருக்கறனுங்க" என்பார். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றவர். வறுமை நிறுத்தியது என்று சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. "எங்கத்தா நிறுத்துனாருங்க" என்று அப்பாவைச் சுட்டிச் சொல்வார். அந்த வயதிலேயே பனியன் கம்பெனிக்குப் போய், தையல்காரர் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுத்தவர். கைமடி என்று அந்த வேலைக்குப் பெயர். திருப்பூரில் குழந்தைகளுக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்ட வேலை அது.

அந்தத் தடத்தில் நிறுத்தங்களுக்கு ஊர்ப்பெயர் செத்து வெகுநாளாகிறது. எல்லாக் கண்டக்டர்களும் கம்பெனிப் பெயரைச் சொல்லித்தான் ஆட்களை இறக்குவார்கள். திருப்பூருக்குச் சற்று முன்னால் ஒரு அரசு நடுநிலைப்பள்ளி இருக்கிறது. சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு சந்து, சந்துக்குள் ஒரு பனியன் கம்பெனி. அந்த இடத்துக்கும் கம்பெனிப் பெயர்தான். கைருதீன் ஒருவர் மட்டும் தொண்டை கிழியக் கத்துவார்: "பள்ளிக்கூடம்! பள்ளிக்கூடம் எறங்கு!" கம்பெனிப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்பவரிடம், "அப்படி ஒரு ஸ்டாப் நம்ம வண்டிக்கு இல்லீங்களே" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வார்.

மங்கலத்துக்கு அப்பால் கைவிடப்பட்ட பாறைக்குழி ஒன்றின் கரையில் ஒரு காலனி உண்டு. மழையில்லாத தெற்கத்திச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். 1992இல் அந்த நிறுத்தத்தில் காலையில் ஏறும் பிள்ளைகளின் கையில் சோற்றுப் போசி இருக்கும், புத்தகம் இருக்காது. சட்டம் அவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஏட்டில் இருந்தபடியே சொன்னது. கைருதீன் சொன்னது படிக்கட்டில் நின்று:

"கம்பெனிக்குப் போற புள்ளைங்களுக்கு இந்த வண்டில எடமில்லீங்க. பள்ளிக்கூடம் போனா சும்மா கூட்டிட்டுப் போறேன்."

பேருந்து முதலாளி கந்தவேல் கூப்பிட்டுக் கேட்டார். "ஏனுங்க பாய், நாம வண்டி உடறமா, சத்திரம் நடத்தறமா?"

"நிக்கற எடத்துல தானுங்க நிக்குதுக. சீட்டுல உக்காந்தா எழுப்பி உட்டர்றனுங்க."

கிரகம் சரியில்லை, ஏதாவது தருமம் செய்யுங்கள் என்று ஜோசியர் ஒருவர் கந்தவேலை மிரட்டி வைத்திருந்த நேரம். ஒப்புக்கொண்டார். அறிவு செய்திருக்க வேண்டிய நல்லதை அன்று பயம் செய்தது.

அடுத்த ஜூன் மாதம் காலனி நிறுத்தத்தில் அதிசயம் நடந்தது. வரிசையாக வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, நீலக் கால்சட்டை. கைருதீன் அன்று ஓட்டுநர் மூக்கையாவுக்குத் தன் காசில் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய் மனைவி முனவர் பேகத்திடம் சொன்னார். எதிரே வரும் வண்டிக் கண்டக்டர்களிடம் சொன்னார். பிள்ளைகள் எட்டு மணிக்கே இறங்கினார்கள். இருட்டும் நேரத்தில் திரும்ப ஏறினார்கள். கேட்டால், "ஸ்பெஷல் கிளாஸ் பாய்" என்றார்கள். "எப்பேர்ப்பட்ட வாத்தியாருங்க பாருங்க, விடிஞ்சதும் ஆரம்பிச்சர்றாரு" என்று முன்பின் தெரியாத பயணிகளிடமெல்லாம் அந்த வாத்தியாரைப் புகழ்ந்தார்.

சீருடைச் சட்டைகள் பனியன் துணியில் இருந்தன. பார்த்தார், ஏழை வீட்டில் கிடைத்த துணியில் தைத்திருப்பார்கள் என்று நினைத்தார். மாலையில் பிள்ளைகளின் தலையில் வெள்ளையாகத் தூசி படிந்திருந்தது. பார்த்தார், சாக்பீஸ் தூள் என்று நினைத்தார். பஞ்சுத் தூசியைத் தின்று வளர்ந்த மனிதர் அவர். ஆனால் நம்ப ஆசைப்படுகிறவனுக்குக் கண் இரண்டு இருந்தும் பயனில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள், பத்து மணி நடையில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் டயர் வெடித்தது. மூக்கையா ஜாக்கியை மாட்டினார். கைருதீன் குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பள்ளிக்குள் போனார். போகிற போக்கில் தன் பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பதையும் பார்த்துவிடலாம் என்பது எண்ணம். வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்தார். ஒரு முகம்கூடத் தெரிந்த முகமில்லை.

தலைமையாசிரியை வெளியே வந்தார். "காலனிப் புள்ளைகளாங்க? பேரு சேத்தறதோட செரி. ஒண்ணும் இந்தப் பக்கம் வர்றதில்லீங்களே. ஆள் அனுப்பியும் பாத்துட்டனுங்க."

"நாந்தானுங்க தெனமும் எறக்கி உடறேன். ஸ்பெஷல் கிளாஸ்ங்கறாங்களே."

"சாதா கிளாஸுக்கே இங்க வாத்தியார் இல்லீங்க பாய்."

தலைமையாசிரியை எதிர்ச்சந்தைப் பார்த்தார். கைருதீனும் பார்த்தார்.

கம்பெனிக் கதவு பாதி திறந்திருந்தது. நுழைந்ததும் கண்ணில் பட்டது சுவர். சுவர் நெடுக ஆணி. ஆணிக்கு ஒன்றாக வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் நீலக் கால்சட்டையும் தொங்கின, கசங்காமல், அழுக்காகாமல். உள்ளே டியூப் லைட்டுகளின் கீழே தையல் மேசைகள் இரைந்தன. ஒவ்வொரு தையல்காரர் பக்கத்திலும் கிழிந்த வீட்டுத் துணியில் ஒரு பிள்ளை நின்று மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்னும் சிறியவர்கள் பனியன் குவியலுக்குள் கழுத்தளவு புதைந்து உட்கார்ந்து, குட்டிக் கத்தரியால் நூல் பிசிறு வெட்டினார்கள்.

முத்துப்பேச்சிதான் முதலில் அவரைப் பார்த்தாள். துணியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள். நாளைக்கு வண்டியில் ஏற்ற மாட்டாரோ என்ற பயத்தில், அவர் கேட்காமலேயே சொன்னாள்:

"அம்பத்தாறு பாய். ஏழொம்போது அறுபத்தி மூணு. டைலரண்ணன் சொல்லிக் குடுத்தாக."

தையல்காரர் தலையைத் தூக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் அந்த ஆண்டு படித்த கல்வி முழுவதும் அதுதான்: பேருந்துக் கட்டணத்துக்காகத் தையல் மேசையில் மனப்பாடம் செய்த சில பெருக்கல்கள்.

ஏஜென்ட் காசிமாயன் சிரித்துக்கொண்டே வந்தான். காலனிக்காரர்களின் சொந்தச் சீமைக்காரன். அவர்களைக் கூட்டி வந்து கம்பெனிகளில் சேர்த்துவிடுவதே அவன் தொழில். "வாங்க பாய், வாங்க. யேய், பாய்க்கு ஒரு டீ சொல்லு. ஒங்க வண்டி மட்டும் இல்லேன்னா இம்புட்டுப் பிள்ளைகள வெரசாக் கொண்டாந்து சேக்க முடியுமா? ஓனரே சொன்னாரு, தீவாளிக்கு பாய்க்கு ஒரு டஜன் பனியன் எடுத்து வைய்யின்னு."

கைருதீனுக்குக் கிராம்பு புரையேறியது. இருமி முடித்து, சுவரைக் காட்டிக் கேட்டார்.

"இது யாரு தெச்சது?"

"நம்ம டேபிள்லதான். ஒரே மத்தியானம். நீங்க யூனிபாரம் கேட்டீக, தச்சுட்டோம். திருப்பூர்ல தைக்கிறதா கஷ்டம்?"

"புள்ளைங்க பாவமில்லையா காசிமாயா?"

"பாவந்தேன். என்ன செய்ய? அதுக தலையெழுத்து அப்பிடி."

"எழுதப் படிக்க உடாம வெச்சிருக்கறது நீ. எழுதுனது வேற ஆளா?"

காசிமாயன் அதற்கும் சிரித்தான். தலையெழுத்து என்ற ஒரு சொல்லைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் முதலாளிகளுக்குச் செய்த உதவியை எந்த அரசாங்கமும் செய்ததில்லை. வெளியே மூக்கையா ஹாரன் அடித்தார். டீ வந்தது. கைருதீன் அதைத் தொடாமல் வெளியேறினார்.

அன்று மாலை அதே பிள்ளைகள் அதே சீருடையில் ஏறினார்கள். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேள்வி இல்லாமல் உள்ளே போகத் தெரியாமல் படிக்கட்டருகே முண்டியடித்து நின்றார்கள். "போங்க" என்றார். ஒருவர் டிக்கெட் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். கைருதீனுக்கு அந்தக் கை கண்ணில் படவில்லை.

காலனி நிறுத்தத்துக் குழாயடியில் முத்துப்பேச்சியின் தாய் பாண்டியம்மாள் குடத்தோடு நின்றிருந்தாள். கைருதீன் இறங்கிப் போய்க் கேட்டார்.

"ஏம்மா, புள்ள எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா இருக்கும்ணே?"

"என்ற கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பாண்டியம்மாளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "ஒங்களுக்கு என்னத்தச் சொல்றது? யூனிபாரம் போட்டாத்தேன் பாய் ஏத்துவாருன்னு ஏஜெண்டு குடுத்துட்டுப் போனாரு. நீங்களும் அவுகளும் கூட்டுன்னுதான நெனச்சோம். எங்க காலனியே அப்பிடித்தேன் நெனச்சுக்கிட்டு இருக்கு. கம்பெனி ஆளு இல்லேன்னா எந்தக் கண்டக்டருண்ணே பிள்ளைகளச் சும்மா ஏத்துவாரு?"

அவள் குற்றம் சொல்லவில்லை. வானம் இருட்டியிருக்கிறது என்பது போல, நடந்ததைச் சொன்னாள். தன் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் என்று கைருதீன் எதை நம்பியிருந்தாரோ, அது அந்தக் காலனிக் கணக்கில் கம்பெனி உத்தியோகம்.

"அப்ப நாளைக்கு ஏத்த மாட்டீகளா?" என்றாள் பாண்டியம்மாள். இப்போது அவள் குரலில் கவலை வந்திருந்தது. "இவுக அப்பாவுக்கு எழுந்திரிக்க முடியல. இவ ஒருத்தி கொண்டாந்துதேன் அடுப்பு எரியுது. நடந்து போனா நாய் கெடக்கு, லாரி கெடக்கு."

"ஏத்துறனுங்க."

"ஏத்துறது சரிண்ணே. எங்க எறக்குவீக?"

மூக்கையா மறுபடி ஹாரன் அடித்தார். கைருதீன் வண்டியேறினார். பல்லடம் வரும் வரை ஒரு நிறுத்தத்தின் பெயரையும் அவர் சொல்லவில்லை. பயணிகளே பார்த்து இறங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை காலனியில் எல்லாப் பிள்ளைகளும் ஏறினார்கள். வழக்கமான இடத்தில் வண்டி நின்றது. அவர் குரல் கொடுக்கவில்லை. தோள்பையைக் கழற்றி, முன்பக்க ஜன்னல் வழியாக மூக்கையாவின் மடியில் வைத்தார்.

"என்ன பாய்?"

"வெச்சிருங்க."

பிள்ளைகள் இறங்கி, கால் பழகிய பக்கமாகச் சாலையைக் கடந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஓடி, சந்தின் வாயில் போய் நின்றார் கைருதீன். உள்ளேயிருந்து காசிமாயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். "வெளையாடாதீக பாய். பிள்ளைகள விடுங்க, நேரமாச்சு." வண்டிக்குள்ளிருந்தும் கத்தினார்கள்: "பாய், எங்குளுக்கு ஷிப்டுங்க. இது என்னங்க அக்குறும்பு?" முத்துப்பேச்சி அவருடைய காக்கிச் சட்டையின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"உள்ள போகலேன்னா அடிப்பாக பாய்."

"அந்தப் பக்கம் போ கண்ணு."

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"அங்க யாருமே இல்லையே பாய்."

சாயங்காலம் கோழிகளைக் கூண்டுக்குத் திருப்புகிறவர் போலக் கைருதீன் இரண்டு கைகளையும் அகல விரித்தார். முதுகுக்குப் பின்னால் காசிமாயன் தோளைப் பற்றி உலுக்கினான்; சாலையில் மூக்கையா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. சந்தின் ஒரு சுவரில் ஒரு கையையும் மறு சுவரில் மறு கையையும் எட்டும் மட்டும் நீட்டி, விரல்களையும் விரித்து, அவர் நின்றுகொண்டே இருந்தார்.