கீழத்தெருவுக்கு வந்த கோமாதா சபை

வேலுத்தாய்க்கு அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது ரொம்பவும் பிடித்திருந்தது. அறுபத்தாறாம் வருஷம். சிவகாசியில் ஒரு அச்சாபீஸின் காலண்டர் பிரிவில் அவளுக்கு வேலை. அச்சாகி வரும் தாளின் மேலும் கீழும் தகரப்பட்டையைச் செருகி, கைமெஷினை அழுத்தி இறுக்க வேண்டும். முருகன், லட்சுமி, மாதா கோயில், மெக்கா என்று எல்லாமே அவள் கைவழியாகத்தான் ஊர் ஊராகப் போயின. அந்தப் புரட்டாசியில் வடநாட்டு ஆர்டர் ஒன்றின் தாள்கள் கட்டுக்கட்டாக வந்தன. வெள்ளைவெளேரென்று ஒரு பசு. அதன் கொம்பிலும் நெற்றியிலும் வயிற்றிலும் மடியிலும் சின்னச் சின்னதாகச் சாமிகள். ஒரு கோயிலுக்குள்ளும் போய் நின்று கும்பிட்டிராத வேலுத்தாய், இத்தனை சாமிகளை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. தன் குலசாமி மாடத்தி இருக்கிறாளா என்று குனிந்து தேடிக்கூடப் பார்த்தாள். இல்லை.

பசுவுக்கு எதிரே ஒரு உருவம் வாளை ஓங்கிக்கொண்டு நின்றது. மனிதன் உடம்பு, மிருகத்தின் முகம். கோரைப்பல். இது யாரு என்று பக்கத்து மேஜையில் இருந்த முத்துப்பேச்சியிடம் கேட்டாள். முத்துப்பேச்சி தலையைத் தூக்காமலே, மாட்டுக்கறி திங்கிறவனாம், மேஸ்திரி சொன்னார் என்றாள்.

வேலுத்தாயின் கை மெஷின் பிடியிலேயே நின்றுவிட்டது. அவர்கள் வீட்டுப் பரணில், முந்தின வாரம் செத்த உழவு மாட்டின் உப்புக்கண்டம் கயிற்றில் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது தன் முகத்தைப் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். எல்லாரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். அன்று முழுவதும் அந்தக் கோரைப்பல் முகத்தின்மேல் விரல் படாமலே பட்டையைச் செருகினாள்.

எம். புதுப்பட்டிக்குத் தெற்கே நத்தங்குளம் அவள் வாழ்க்கைப்பட்ட ஊர். புருஷன் தங்கச்சாமி மேலத்தெரு உக்கிரபாண்டி வீட்டுப் பண்ணையில் உழவன். அதிகம் பேசாத ஆள். ஐயா வீட்டு வாசலில் நின்றால் துண்டு தானாகவே கக்கத்துக்குப் போய்விடும். மழை ஏமாற்றிய வருஷங்களில் வேலுத்தாய் முதலில் தீப்பெட்டி ஒட்டப் போனாள், பிறகு காலண்டருக்கு. கம்பெனி வேன் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கு ரோட்டில் வந்து அவர்கள் கீழத்தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். மேலத்தெருவில் மாடு செத்தால் தூக்கிப் போவது கீழத்தெருவின் வேலை. தோலில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலைக்கு வார் தைத்து மேலத்தெருவுக்கே கொடுக்க வேண்டும், கறி தெருவுக்கு. யார் வைத்த வழக்கமோ, அதைப் பற்றி யாரும் நல்லதாகவோ கெட்டதாகவோ பேசியதில்லை.

சோலைச்சாமி வந்த பிறகுதான் பேச்சு வந்தது. அவர் உக்கிரபாண்டியின் அக்கா மகன். விருதுநகரில் மிளகாய் வியாபாரம். வத்தல் லோடோடு நாக்பூர்ப் பக்கம் அடிக்கடி போய் வருவார். ஒரு தடவை போனவர் மாசக்கணக்கில் அங்கேயே இருந்துவிட்டுத் திரும்பினார். வந்ததும் கோமாதா சபை என்று ஒன்றைத் தொடங்கினார். மேலத்தெருவில் கூட்டம் போட்டார், அங்கிருந்த மடத்தில் பஜனை வைத்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் எதிர்பார்க்காதபடி, கீழத்தெருவுக்குள் நடந்து வந்தார்.

வேலுத்தாய் வீட்டு முன்னால்தான் நின்றார். "தங்கச்சாமி, சௌக்கியமா இருக்கீகளா?" என்றார்.

தங்கச்சாமி திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். மேலத்தெரு வாயிலிருந்து அவருக்கு மரியாதை வந்தது அதுதான் முதல் தடவை. சோலைச்சாமி தண்ணீர் கேட்டார். வேலுத்தாய் செம்பை நீட்டினாள். அவர் வாய் வைக்காமல் அண்ணாந்துதான் குடித்தார். ஆனாலும் குடித்தார். தெருவே வந்து கூடிவிட்டது.

நாம் எல்லாரும் இந்துக்கள், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், பிரிந்து கிடந்ததால்தான் கண்டவனும் நம்மை ஆண்டான் என்று அவர் பேசினார். குரலில் கள்ளம் இல்லை. பேசும்போது கண் கலங்கியது. பசு நமக்கெல்லாம் தாய், அதை உண்பதை விட்டுவிட்டால் உங்களை ஒதுக்கிவைக்க ஒருவனுக்கும் வாய் வராது என்றார். கற்பூரத்தை ஏற்றி, மாட்டை அறுக்கவும் மாட்டேன், தின்னவும் மாட்டேன், செத்ததைத் தொடவும் மாட்டேன் என்று ஒவ்வொருவராகச் சத்தியம் செய்து அணைக்கச் சொன்னார்.

வேலுத்தாய் கதவோரத்தில் நின்றபடி, "அப்ப கோயிலுக்குள்ள வரலாமாய்யா?" என்று கேட்டாள்.

"அதுக்கும் காலம் வரும். மொதல்ல இத விடுங்க."

தங்கச்சாமிதான் முதலில் கற்பூரத்தை அணைத்தார். அவரைப் பார்த்து முக்கால்வாசித் தெருவும் அணைத்தது. அணைத்தவர்களுக்கெல்லாம் சோலைச்சாமி ஆளுக்கொரு காலண்டர் கொடுத்தார். அதே பசு. வேலுத்தாய் தகரப்பட்டையைத் தடவிப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் சரியாக இறுகவில்லை. அவள் அழுத்தியதாகவும் இருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை பஜனையில் கீழத்தெரு ஆட்கள் மடத்தின் முற்றம்வரைக்கும் வரலாம் என்று ஆயிற்று. அதற்குமுன் ரோட்டில் நின்றுதான் கேட்பார்கள். தங்கச்சாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். சுண்டல் அவர் கையில் விழுந்தது, விரல் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து. வீட்டுக்கு வந்ததும் அதில் பாதியை வேலுத்தாய்க்கு வைத்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்கும் சந்தோஷமாக இருந்தது. கூடவே என்னவோ பயமாகவும் இருந்தது. கொடுக்கிறவர்கள் திருப்பிக் கேட்டால் எதைக் கேட்பார்களோ என்று மனசு அடித்துக்கொண்டது.

தீபாவளிக்குச் சில நாள் முன்னால், டெல்லியில் பசுவதையைத் தடை செய்யக் கேட்டுப் போன சாமியார்கள் ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்ததாக டீக்கடை ரேடியோவில் செய்தி வந்தது. ஊரின் முகம் மாறியது அதன் பிறகுதான். சபை இளவட்டங்கள் கம்பும் கையுமாகச் சாயங்காலங்களில் கீழத்தெருவில் நடந்தார்கள். காவல் என்று சொன்னார்கள். எந்த அடுப்பிலிருந்து என்ன வாசம் வருகிறது என்று நின்று மோந்தார்கள். சோலைச்சாமி விருதுநகருக்கும் ஊருக்குமாக அலைந்துகொண்டிருந்தார். இதெல்லாம் அவருக்குத் தெரியுமோ தெரியாதோ.

ஒரு நாள் வேனை விட்டு இறங்கி வேலுத்தாய் தெருவுக்குள் நுழைந்தபோது, பக்கத்து வீட்டு முருகம்மாள் வாசலில் உட்கார்ந்து உடைந்த பானை ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மறுதாலி கட்டிக்கொள்ளாத விதவை. சத்தியம் செய்யாதவர்களில் ஒருத்தி. பட்டப்பகலில் உள்ளே நுழைந்து சட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே இருந்தது கருவாட்டுக் குழம்பு. பார்த்துவிட்டும் உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"கருவாடுன்னு தெரிஞ்சும் ஒடச்சாகளே" என்று மட்டும்தான் முருகம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வேலுத்தாய் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பரணில் இருந்த உப்புக்கண்டத்தை இன்னும் எறியவில்லை. எறியலாமென்றால் நாய் இழுத்துக்கொண்டு வந்து தெருவில் போடும். எரித்தால் வாசம் காட்டிக்கொடுக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் தரையைத் தோண்டிப் புதைத்து, மேலே சாணி போட்டு மெழுகினாள். மெழுகும்போது சுவரில் இருந்த காலண்டர் முகத்துக்கு நேரே தெரிந்தது. எழுந்து அதைத் திருப்பி மாட்டினாள். திருப்பி மாட்டியதை யாராவது பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று தோன்றவே, மறுபடி நேராகவே மாட்டினாள். அதன் பிறகு அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றித்தான் நடந்தாள்.

கார்த்திகை அடைமழையில் உக்கிரபாண்டியின் கறவைப் பசு இளஞ்சோளப் பயிரை மேய்ந்துவிட்டு வயிறு உப்பிச் செத்தது. சோளக்குருத்து மாட்டுக்கு ஆகாது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பொழுது விடிவதற்குள், கறிக்கு ஆசைப்பட்டுக் கீழத்தெருவில் எவனோ மருந்து வைத்துவிட்டான் என்று மேலத்தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. தங்கச்சாமிக்கு ஆள் வந்தது. தெருக்காரர்களைக் கூட்டிவந்து பசுவைத் தூக்கி, ஊருக்கு வெளியே ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். சபை பூஜை செய்யும். பிறகு யாரும் தோண்டாமல் அங்கேயே காவல் இருக்க வேண்டும்.

வேலுத்தாய் அன்று வேலைக்குப் போகவில்லை. தனியாக அனுப்ப மனமில்லாமல் அவர் பின்னாலேயே போனாள். தொழுவத்தின் முன்னால் குடை பிடித்தபடி உக்கிரபாண்டியும் சோலைச்சாமியும் நின்றார்கள். சபை ஆட்கள் சுற்றிலும். பசுவின் மேல் மஞ்சள் துணி போர்த்தி மாலை போட்டிருந்தது.

"என்னலே, வெறுங்கைய வீசிட்டு வந்து நிக்க?" என்றார் உக்கிரபாண்டி. "ஆளுக எங்கலே?"

தங்கச்சாமியின் துண்டு கக்கத்தில் இருந்தது. பேசமாட்டார், ஆளைக் கூட்டிவரத் திரும்பிவிடுவார் என்றுதான் வேலுத்தாய் நினைத்தாள். அப்படித் திரும்பிவிட்டால் நல்லது என்றுகூட அவளுக்கு இருந்தது.

"ஐயா, கற்பூரம் அணச்சிருக்கம்" என்றார் தங்கச்சாமி. "தொடவும் மாட்டம்னு சத்தியம் வாங்கினாக."

சோலைச்சாமி அவசரமாக முன்னால் வந்தார். "அது திங்கிறதுக்குச் சொன்னது, தங்கச்சாமி. இது அடக்கம் பண்றது. புண்ணியம்."

வேலுத்தாய் சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள்.

"அம்புட்டுப் புண்ணியம்னா நீங்களே எடுத்துக்கோங்கய்யா. அம்மான்னு நீங்கதான சொன்னீக. அம்மா செத்தா பிள்ளைகதான தூக்கணும்?"

சபை ஆள் ஒருவன் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்; சோலைச்சாமி கையை நீட்டித் தடுத்தார். உக்கிரபாண்டி கத்தவில்லை. நாளையிலிருந்து கீழத்தெரு ஆள் எவனும் தன் புஞ்சைக் காட்டில் கால் வைக்கக் கூடாது, கிணற்றுப் பக்கம் வரக் கூடாது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கீழத்தெரு அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவில்லை. கூரைக்கு நெருப்பு வைப்பார்கள் என்று எல்லாருக்கும் பயம். இருக்கிற குடம், பானை எல்லாவற்றிலும் மழைத் தண்ணீரைப் பிடித்து வாசலில் வைத்தார்கள். பிள்ளைகளை எம். புதுப்பட்டியில் சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். உனக்கு எதுக்கடி இந்த வாய் என்று வேலுத்தாயைத் திட்டியவர்களும் உண்டு. அவளுக்கே அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தங்கச்சாமி சுவரில் சாய்ந்து, யாரோ அடித்துப் போட்டதுபோல உட்கார்ந்திருந்தார். ஆனால் மன்னிப்புக் கேட்கப் போகலாம் என்று ஆட்கள் வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை.

பசு தொழுவத்திலேயே கிடந்தது. மறுநாள் வாடை மேலத்தெருவைத் தூக்கியது. சபையில் கோஷம் போட்டவர்களுக்கெல்லாம் அன்று வயலிலும் சந்தையிலும் ஏதோ சோலி வந்துவிட்டது. வண்டிமாடு கேட்டால், பிணத்தை இழுத்த மாடு அப்புறம் ஏருக்கு ஆகாது என்றார்கள். கடைசியில் சோலைச்சாமி விருதுநகர் போய், தன் மிளகாய்க் கிட்டங்கியில் லோடு ஏற்றும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களோடு தானும் வேட்டியை மடித்துக் கட்டி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். வழியில் ஒரு தடவை உட்கார்ந்து வாந்தி எடுத்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஊருக்கு வெளியே புதைத்து, தனியாகவே சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டு வந்தாராம்.

கூரைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாள் வேலுத்தாய் விலக்கு ரோட்டில் கம்பெனி வேனுக்காக நின்றபோது, சோலைச்சாமி பையைத் தூக்கிக்கொண்டு விருதுநகர் பஸ்ஸுக்கு வந்தார். அவள் ஒதுங்கிப் புளியமரத்துக்குப் பின்னால் போகப் பார்த்தாள். அவர் கூப்பிட்டார்.

"எங்க மாமா வீட்டுல எனக்கு வாசல்ல வச்சுச் சோறு போட்டாக" என்றார். "செத்த மாட்டத் தொட்டவனாம். குளிச்சிட்டு வந்தும் உள்ள விடல."

எங்களுக்கு வாசலில்கூடப் போட்டதில்லை என்று வேலுத்தாய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் முகம் ராத்தூக்கம் இல்லாமல் கறுத்துப்போயிருந்தது, பாவமாகத்தான் இருந்தது.

"ஆனா நான் சொன்னது தப்பில்ல, வேலுத்தாய். இன்னைக்கு இல்லாட்டியும், ஒரு நாளைக்கு இந்த நாடு முழுக்க இதத்தான் சொல்லும். நீங்களும் வந்து சேருவீக."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். கம்பைத் தூக்கியவனைவிட இந்த மனுஷனின் பேச்சுதான் அவளை அதிகமாக உலுக்கியது. அவர் அவளை மிரட்டவில்லை. நல்ல செய்தி சொல்லுகிற மாதிரி அன்பாகச் சொன்னார்.

நத்தங்குளத்தில் சபை அதோடு கலைந்தது. தையில் தேர்தல் சூடு பிடித்தபோது ஊரில் கொடி, அரிசி, இந்தி என்றுதான் பேச்சு. பசுவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆட்சியே மாறியது. காட்டில் களை மண்டியதும் உக்கிரபாண்டியே ஆள் அனுப்பிக் கீழத்தெருவை வேலைக்குக் கூப்பிட்டார், பலர் போனார்கள். தங்கச்சாமி போகவில்லை. அதற்குள் அவர் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்து, குடும்பமும் அங்கேயே வரிசை வீடுகள் இருந்த ஒரு வளவுக்கு வந்துவிட்டிருந்தது. முருகம்மாளையும் கூடவே அழைத்து வந்தார்கள். தங்கச்சாமி கடைசிவரை மாட்டுக்கறியைத் தொடவில்லை. எதற்காக என்று வேலுத்தாய் கேட்டதில்லை. சோலைச்சாமிக்குக் கொடுத்த வாக்கா, தனக்குத் தானே கொடுத்ததா என்று அவளால் கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

வளவில் பலதரப்பட்ட குடும்பங்கள் இருந்தன. யாரும் எந்தத் தெரு என்று நோண்டிக் கேட்கவில்லை. இருந்தாலும் நாலு ஆட்கள் சேர்ந்தாற்போல் சந்துக்குள் நடந்து வந்தால், கொதிக்கிறது வெறும் கத்திரிக்காய்க் குழம்பாக இருந்தாலும், வேலுத்தாயின் கை முந்திக்கொண்டு மூடியை எடுத்துச் சட்டியின் மேல் வைத்துவிடும்.