கொள்ளுத்தாத்தா நிலத்தை நான் அளந்த நாள்

கல்யாணமாகி எலவனாசூர்கோட்டைக்கு வந்த முதல் வருஷம், என் மாமியார் பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை சொன்னார். "நிலம் இல்லாத வூட்டுப் பொண்ணு. அதுக்கு வரப்பு தெரியுமா, வாய்க்கா தெரியுமா?" திட்டவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். என்னால்தான் சும்மா இருக்க முடியவில்லை. "எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு மலையடிவாரத்துல நிலம் இருந்துச்சுங்க. ஏமாத்திப் புடுங்கிட்டாங்க" என்றேன்.

ஏமாற்றியது யார் என்று எனக்குத் தெரியாது. அப்பா என்னிடம் சொன்னதெல்லாம், "கல்வராயன் மலையடியில நமக்கு நிலம் இருந்துச்சு, போயிடுச்சு" என்பது மட்டும்தான். 'போயிடுச்சு' என்பதை 'புடுங்கிட்டாங்க' என்று ஆக்கியது நான். இருபது வருஷம் அதையே சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது.

அப்பா இறந்த பிறகு அவருடைய பெட்டியில் ஒரு பழைய காகிதம் கிடைத்தது. மேல் பாதி கிழிந்து போயிருந்தது. மிச்சமிருந்ததில் கொள்ளுத்தாத்தாவின் பெயர், ஊர் பெயர், ஒரு சர்வே நம்பர், நிலத்தின் பரப்பு. நான் உளுந்தூர்பேட்டையில் கணக்கு டீச்சர். நம்பரும் பரப்பும் கையில் இருந்தால் இடத்தைப் பிடித்துவிடலாம் என்று தோன்றியது.

நினைத்தபடி சுலபமாக இல்லை. அந்த சர்வே நம்பர் இப்போது வேறு எங்கேயோ இருக்கும் ஒரு சுடுகாட்டைக் காட்டியது. நடுவில் மறு அளவை நடந்து நம்பர்களெல்லாம் மாறியிருந்தன. மனு போட்டு, அலைந்து, அந்த ஊரின் பழைய கிராம வரைபடத்துக்கு ஒரு நகல் வாங்கினேன். மங்கலான கோடுகள், எறும்பு போல எழுத்துகள், அளவுகள் எல்லாம் பழைய சங்கிலிக் கணக்கில். ஒரு மாதம் சாயங்காலங்களில் அதை டிரேசிங் தாளில் எடுத்து, போனில் தெரியும் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்திப் பார்த்தேன். ஏரி சுருங்கியிருந்தது, பாதை மாறியிருந்தது. கடைசியில் ஓடைதான் கைகொடுத்தது. காட்டு எல்லையை ஒட்டி அது இரண்டு முறை மடங்கித் திரும்பும் இடம் இரண்டு படத்திலும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தது. அந்த இரண்டாவது மடிப்பின் உள்பக்கம்தான் எங்கள் நிலம். மறுநாள் வகுப்பில் பிள்ளைகளைத் திட்டவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டியில் கிளம்பினேன். கள்ளக்குறிச்சி தாண்டி, கச்சிராயபாளையம் தாண்டி, தார் ரோடு முடிந்து மண் பாதை. கையில் சுருட்டிய வரைபடம், நூறடி டேப், தலையில் தொப்பி. நிலத்தில் இடுப்பு உயரத்துக்கு மரவள்ளி நின்றது. ஓரமாக ஓலைக் குடிசை. களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், நிமிர்ந்து பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள்.

"இன்னாங்க மேடம், அளக்க வந்துக்கிறீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ம்... பாத்துட்டுப் போலாம்னு" என்று வந்தது. அது பொய் இல்லை. ஆனால் அவள் எப்படிப் புரிந்துகொள்வாள் என்று எனக்குத் தெரியும்.

அவள் புருஷனைக் கூப்பிட்டாள். அவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நான் கேட்காமலே அரிவாளால் முள்ளை வெட்டி ஓடைக்கரை சர்வே கல்லைக் காட்டினார். டேப்பின் ஒரு முனையை அவரே பிடித்தார். "இன்னும் கொஞ்சம் இழுங்க" என்றேன். இழுத்தார். வாழ்க்கையில் என் பேச்சை அப்படி யாரும் கேட்டதில்லை. அளவு பொருந்தியது. கல்லின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, 'நம்ம நிலம்' என்று எழுதி எங்கள் குடும்ப குரூப்பில் போட்டேன்.

அவள் குடிசைக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டு வந்தாள். உள்ளே ரேஷன் கார்டு நகல், கரண்ட் கேட்டுக் கொடுத்த மனு, மடித்து மடித்துக் கிழிந்த ஏதோ ஒரு நோட்டீஸ். ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தாள். "மலையிலேர்ந்து எறங்கி வந்து பதினஞ்சு வருஷமா இங்கதான் பாடுபட்டுக்கினு இருக்கோம். எங்கள காலி பண்ணிடுவாங்களா மேடம்?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் கவரை மூடி அவளிடம் கொடுத்து, "அதெல்லாம் மேல இருக்கிறவங்கதான் முடிவு பண்ணணும்" என்றேன். இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். ஆபீஸ்களில் எனக்குச் சொல்லப்பட்ட வாக்கியம் அது. அதை ஒருமுறையாவது நான் சொல்லிப் பார்க்கவேண்டும் என்று இருந்திருக்கும் போல.

அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுத்தார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த வாரம் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். நிலத்தை மீட்கும் எண்ணம் எல்லாம் இல்லை. கொள்ளுத்தாத்தா பெயரில் பட்டா இருந்தது என்று ஒரு நகல் கிடைத்தால் வீட்டில் காட்டலாம், அவ்வளவுதான். அங்கே இருந்த வயதான கிளார்க் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய பதிவேட்டையும் புரட்டினார்.

"டீச்சர், இது பட்டா இல்லீங்க. பி மெமோ."

"அப்படின்னா?"

"கவர்ன்மென்ட் பொறம்போக்குல பயிர் வச்சவங்களுக்குக் குடுக்கிற ஆக்கிரமிப்பு நோட்டீஸ். ரெஜிஸ்டர்லயும் இது பொறம்போக்குன்னுதான் கீது. உங்க தாத்தா இங்க பயிர் வச்சிருக்காரு, காலி பண்ணச் சொல்லியிருக்காங்க. இதுமாரி மெமோ இங்க ஜாஸ்திங்க."

அவள் காட்டிய அந்த நோட்டீஸ் நினைவுக்கு வந்தது. அதை நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை. படிப்பது போல முகத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வர்ற ஞாயிறு போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். போகவில்லை. பரீட்சை, பேப்பர் திருத்தம் என்று இரண்டு ஞாயிறுகள் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது ஞாயிறு போனபோது நிலம் மொட்டையாகக் கிடந்தது. மரவள்ளி முழுவதையும் பிடுங்கியிருந்தார்கள். ஓரத்தில் குவிந்திருந்த கிழங்குகள் விரல் தடிமன்தான் இருந்தன. இன்னும் நாலு மாதமாவது மண்ணுக்குள் இருக்கவேண்டிய பயிர்.

அவள் குச்சிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "வந்து ஜேசிபி வுட்டு அழிச்சிட்டாங்கன்னா ஒண்ணும் தேறாதுன்னு புடுங்கிட்டோம் மேடம். ரெண்டு நாள் டைம் குடுங்க, குடிசையப் பிரிச்சிக்கிறோம்."

நான் சொன்னேன். நான் ஆபீசர் இல்லை, பள்ளிக்கூட டீச்சர், யாரும் என்னை அனுப்பவில்லை, என் கொள்ளுத்தாத்தா இருந்த இடத்தைத் தேடி வந்தேன், அவரும் உங்களை மாதிரி இங்கே பட்டா இல்லாமல் பயிர் வைத்தவர்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில், அவள் காலடியைப் பார்த்தபடி சொன்னேன்.

அவள் புருஷன் குடிசை வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள். மேடம் என்ற சொல் அதற்குப் பிறகு வரவில்லை.

"உங்களுக்குப் பட்டா கேட்டு நான் மனு எழுதித் தரேன்" என்றேன்.

"வேணாம். நீ எழுத வேணாம்."

குனிந்து குச்சிக்கட்டை இறுக்கினாள். பிறகு நிமிராமலே கேட்டாள்: "உங்க தாத்தாவக் காலி பண்ணாங்களே, பயிரு நிக்கும்போதா, அறுத்தப்புறமா?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை வரைபடம் பார்த்து, அத்தனை அளவு எடுத்தும், எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

வீட்டுக்கு வந்து என் அண்ணனுக்கு போன் செய்து, அது நம் நிலமில்லை, குரூப்பில் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். "இப்ப எதுக்கு அத கெளர்ற? வுடு" என்றான். இருந்தாலும் குரூப்பில் சொன்னேன். யாரும் பதில் போடவில்லை. மாமியாரிடமும் சொன்னேன். அவருக்கு நான் முன்பு சொன்னதே நினைவில்லை.

அங்கே இதுவரை யாரும் அளக்க வரவில்லை. அடுத்து வந்த மழைக்கு மறுபடியும் மரவள்ளி நட்டிருக்கிறார்கள். இரண்டு முறை போனேன். பாதையில் நின்றால் அவள் வந்து இரண்டு வார்த்தை பேசுவாள். உள்ளே வா என்று கூப்பிடமாட்டாள். நானும் வரப்பைத் தாண்டுவதில்லை.